மதிப்பெண் இல்லாத மாதம்

எங்கள் வடகவுஞ்சியில் மே மாதத்தை விடுமுறை என்று யாரும் சொல்வதில்லை. பழனியிலிருந்து வரதமாநதி அணையைத் தாண்டி மலையேறும் வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் கொடைக்கானலுக்குப் போகின்றன. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்த பிறகும், அந்த மாதத்தில் சின்னப் பிள்ளைகள் சாலையைக் கடப்பது பெரும்பாடு. வருகிறவர்களுக்குக் குளிர்ச்சி. எங்களுக்குக் காப்பித் தோட்டத்தில் களையெடுப்பு, நிழல் மரத்தில் கிளை கழிப்பு, மலைவாழைக்கு மண் அணைப்பு. பிளஸ் டூ முடிக்கும்வரை எந்தக் கோடையிலும் நான் புத்தகத்தைத் தொட்டதாக நினைவில்லை. தொடச் சொன்னவரும் இல்லை.

இத்தனைக்கும் கோடையும் படிப்பும் சேர்ந்தே வளர்ந்த மலை இது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்து கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1895இல் செண்பகனூரில் இயேசு சபையாரின் கல்லூரி வந்தது. 1901இல் மிஷன் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். அதெல்லாம் மேலே நடந்தது. பாதி மலையில் இருந்த நாங்கள் மேலே காயும் பழமும் அனுப்பினோம், கீழே காப்பியும் மிளகும் அனுப்பினோம். கோடையில் ஒருவர் வந்து உட்கார்ந்து பாடம் சொல்லித் தருவார் என்பது எங்கள் வீடுகளில் கேள்விப்படாத சங்கதி.

அப்படிப்பட்டவர்களை நான் பார்த்தது 1990களின் கடைசியில். பழனியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம், நான்கு வாரம், மே-ஜூன். கணிதக்காரர்கள் எம்.டி.டி.எஸ். என்பார்கள். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கியது. பணம் தேசிய உயர் கணித வாரியத்திலிருந்து வரும். கல்லூரி மாணவர்களைப் பல மாநிலங்களிலிருந்தும் தேர்ந்தெடுத்து, மூன்று நிலைகளாகப் பிரித்து, வெவ்வேறு ஊர்களில் தங்கவைத்துப் பாடம் நடத்துவார்கள். வழிச்செலவும் சாப்பாடும் அவர்களுடையது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கணக்கின்மேல் உள்ள ஆசையில் நான் விண்ணப்பிக்கவில்லை. நான்கு வாரம் களைக்கொத்தைத் தொடவேண்டாம், வயிறாரச் சாப்பிடலாம், திண்டுக்கல்லுக்கு அப்பால் ஒரு ஊரைப் பார்க்கலாம், அவ்வளவுதான் மனதில் இருந்தது. எங்கள் கல்லூரி மேடம் அப்பாவுக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கினார். அப்பா திருப்பித் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "அங்க பாடம் எடுக்குறவங்களுக்கு லீவு கிடையாதா?"

அவருக்குத் தோன்றிய அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இன்று யோசித்தால் அதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வருடம் முழுக்கப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தவர்கள், ஆராய்ச்சிக்கென்று மிச்சமிருக்கும் ஒரே காலத்தை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நடத்த ஏன் வரவேண்டும்?

முதல் வகுப்பில் வந்தவர் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட்டார். பூஜ்யத்தைக் குறித்தார், ஒன்றைக் குறித்தார். பாதி, கால், முக்கால். "இப்படியே எல்லாப் பின்னங்களையும் குறித்துவிட்டேன் என்று வையுங்கள். கோடு நிறைந்துவிட்டதா?" என்றார். நிறைந்துவிட்டது என்று நாலைந்து பேர் சொன்னார்கள். "ஏன்?" என்றார். எந்த இரண்டு பின்னத்தை எடுத்தாலும் நடுவில் இன்னொரு பின்னம் உண்டு, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும், ஆகவே இடைவெளியே கிடையாது. கேரளத்துப் பையன் ஒருவன் அழகாகச் சொன்னான். எங்கள் ஊரில் என்றால் அங்கேயே "வெரிகுட், உட்கார்" என்றிருப்பார்கள். இவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்து, "நீ ஏற்றுக்கொள்கிறாயா?" என்றார். பிறகு அடுத்தவரை. இப்படியே வரிசை முழுக்கப் போனார். எல்லாரும் ஏற்றுக்கொண்டோம்.

அதன்பின் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே உள்ள துண்டின்மேல் ஒரு சதுரம் வரைந்தார். மூலைக்கு மூலை கோடு போட்டார். அந்த மூலைவிட்டத்தின் நீளத்துக்குக் காம்பஸை விரித்து, பூஜ்யத்தில் முள்ளை வைத்து, வில்லைக் கீழே இறக்கினார். வில் கோட்டை ஓர் இடத்தில் வெட்டியது. "இது எந்தப் பின்னம்?" என்று கேட்டுவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

அந்த நீளம் இரண்டின் வர்க்கமூலம். அது பின்னமாகாது என்பதற்கான நிரூபணம் அங்கிருந்த எல்லாருக்கும் மனப்பாடம். நானே பரீட்சையில் இரண்டு முறை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த நிரூபணம் இந்தக் கோட்டைப் பற்றியது என்று எனக்குத் தெரியாது. கோடு முழுக்கப் பின்னங்களால் நெருங்கிக் கிடந்தும், அந்த இடத்தில் ஓட்டை. நான் தினமும் அடிக்கோல் வைத்துப் போட்ட கோட்டில் ஓட்டை.

ஓர் ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு அவ்வளவு நேரம் சும்மா இருந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. வேறு யாராவது அப்படி நின்றிருந்தால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். இவர் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. எங்களில் யாராவது ஒருவருக்குத் தோன்றும் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டு நின்றார். அன்று மணி அடிக்கும்வரை பதிலைச் சொல்லவில்லை. "நாளைக்குப் பார்ப்போம். இந்த மாதிரி ஓட்டைகள் இன்னும் இருக்கின்றனவா என்றும் யோசித்து வாருங்கள்" என்று கிளம்பிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டில் அதே பேச்சு. மராட்டியும் வங்காளமும் மலையாளமுமாகத் தட்டுக்குத் தட்டு வாதம். அவரும் அதே மெஸ்ஸில், அதே வரிசையில் நின்று, அதே சப்பாத்தியை வாங்கிக்கொண்டு எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அப்போதும் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது.

மறுநாள் நான் வாய் திறந்தேன். பத்தொன்பது வயதில், ஒரு வகுப்பறையில், கேட்கப்படாமலே நான் பேசிய முதல் தடவை. இங்கிலீஷில் தொடங்கி, பாதியில் சொல் கிடைக்காமல் நின்றேன். "உன் மொழியிலேயே சொல்" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. மதுரைப் பையன் ஒருவன் மொழிபெயர்த்தான். நான் சொன்னது இதுதான்: அந்த நீளத்தைப் பாதியாக்கினால் அங்கேயும் ஓட்டைதான். அது பின்னமாக இருந்தால் அதை இரட்டித்து வரும் முழு நீளமும் பின்னமாக இருக்கவேண்டுமே. மூன்றால் வகுத்தாலும் அப்படித்தான். எந்த இயல் எண்ணால் வகுத்தாலும் அப்படித்தான். அவர் அப்போதும் "வெரிகுட்" சொல்லவில்லை. கடைசி வரிசையைப் பார்த்து, "இந்தப் பெண் சொல்வதை ஏற்கிறீர்களா? ஏற்காவிட்டால் எங்கே இடிக்கிறது?" என்றார். என் வார்த்தையை வைத்து ஒரு வகுப்பு அரை மணி நேரம் சண்டை போட்டது. இதைவிடப் பெரிய மரியாதையை நான் பிறகு எங்கும் பெறவில்லை.

அந்த நான்கு வாரத்தில் நான் கணிதத்தைவிட அதிகமாகக் கவனித்தது அதை நடத்தியவர்களைத்தான். ஒருவர் வகுப்பு எடுக்கும்போது இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து கேட்பார். எங்களைப் போலவே கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்பார். நேரியல் இயற்கணிதம் நடத்தியவர் ஒருநாள், ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு, "எனக்கு இப்போது தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன்" என்றார். மறுநாள் வந்து, ராத்திரி யோசித்ததை, தப்பாகப் போன வழியையும் சேர்த்துப் பலகையில் எழுதிக் காட்டினார். தெரியவில்லை என்று ஒரு வாத்தியார் சொல்லலாம், சொன்னால் வானம் இடிந்து விழாது என்பது எனக்குப் புதுச் செய்தி. எந்த வரையறையைச் சொன்னாலும் உடனே உதாரணம் கேட்பார்கள், அடுத்து அந்த வரையறைக்குள் அடங்காத ஒன்றையும் கேட்பார்கள். குமரேசன் எழுதிய நேரியல் இயற்கணிதப் புத்தகம் பிறகு என் கைக்கு வந்தபோது, அதன் தலைப்பிலேயே வடிவியல் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. படம் போட்டுப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்பதுதான் அங்கே நாள் முழுக்க நடந்தது.

அவர்களால் ஏன் அப்படி இருக்க முடிந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நல்ல மனிதர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், அவர்கள் கையில் எங்கள் மதிப்பெண் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுக்கும் அந்த நான்கு வாரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அடுத்த நிலைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கவனித்திருப்பார்கள், அது வேறு. பாடத்தையும் நடத்தி, தீர்ப்பும் எழுதுகிறவராக இருந்தால் மாணவர் அவர்முன் தப்பாகப் பேசமாட்டார். தப்பாகப் பேசாமல் கணிதம் வராது. அந்த ஆசிரியர்கள் தீர்ப்பு எழுதும் வேலையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தவர்கள்.

உலகில் இது புதிதல்ல. அமெரிக்காவில் ஆர்னால்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1957இல் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கோடைத் திட்டம் தொடங்கினார். 1964இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார். வாரக்கணக்கில் எண் கோட்பாடு ஒன்றுதான் பாடம். அங்கே முக்கியமானவர்கள் பேராசிரியர்கள்கூட இல்லை. முந்தைய கோடைகளில் அங்கே படித்துவிட்டு, அடுத்த வருடம் வழிகாட்டிகளாகத் திரும்பி வந்து, பிள்ளைகளோடு விடுதியில் தங்கி, அவர்கள் எழுதியதைத் தினமும் படித்துத் திருப்பிக் கொடுக்கும் இளைஞர்கள்தான். எம்.டி.டி.எஸ்.ஸிலும் அப்படித்தான் ஆயிற்று. அங்கே மாணவராக இருந்தவர்கள் பலர் பின்னாளில் அங்கேயே நடத்தப் போனார்கள். வாங்கியதை வாங்கிய இடத்தில் கொடுக்கத் தோன்றுகிறது. சம்பளத்துக்காக வருகிற வேலையாக இருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கும்.

நானும் ஆசிரியையானேன். மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். சொல்ல வேண்டியதில் கஷ்டமான பகுதி இது. ஜூனிலிருந்து நான் நடத்துவது வேறு, மே மாதத்தில் நடத்துவது வேறு. பருவத்துக்கு ஐந்து யூனிட். இன்டர்னல் 25 மதிப்பெண் என் கையில். கேள்வி கேட்டுவிட்டு நான் பொறுக்க நினைத்தாலும் நாலாவது யூனிட் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. முன்வரிசைப் பெண் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள். எனக்குப் பிடித்த பதில் எது என்று தேடுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 25 மதிப்பெண்ணில் அவளுக்கு ஓர் உதவித்தொகை தங்கியிருக்கலாம், ஒரு கல்யாணம் தள்ளிப்போகலாம். நான் நல்லபடியாகத்தான் நடத்துகிறேன், பிள்ளைகள் பாஸ் ஆகிறார்கள். ஆனாலும் அந்தக் கோடையில் நான் பார்த்த ஆசிரியராக அந்த வகுப்பறையில் என்னால் முழுதாக இருக்க முடியவில்லை. பல வருடம் மனதை அரித்த இந்த விஷயத்தோடு இப்போது சமாதானமாகிவிட்டேன். ஒரு மாதமாவது அப்படி இருக்க ஓர் இடம் வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த இடம் எங்கள் வீட்டுக் காப்பிக் களம்.

மே மாதத்தில் களம் காலியாகத்தான் கிடக்கும், பழம் காயப்போடுவது தையோடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை உள்ள ஊர்ப் பிள்ளைகள், பக்கத்துப் பளியர் குடியிருப்பிலிருந்து சில பிள்ளைகள், காலையில் தோட்ட வேலை தொடங்குவதற்கு முன்னும் சாயங்காலமும் வருவார்கள். கல்வித்துறை அனுமதி, சான்றிதழ், பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. ஆசிரியர் குழு என்று ஒன்று உண்டு. நான் கணக்கு. செவிலியராக இருக்கும் என் மதினி உடம்பைப் பற்றி. குடியிருப்பிலிருந்து வரும் தேனெடுக்கும் பெரியவர் ஒருவர் காட்டைப் பற்றி.

அந்தப் பெரியவரை நான் கூப்பிட்டபோது, "எனக்கு என்னம்மா சொல்லித்தரத் தெரியும்?" என்றார். முதல் நாள் ஒரு தேனடையைக் கொண்டுவந்து பிள்ளைகள் கையில் கொடுத்து, ருசிபார்க்கச் சொல்லி, "எந்தப் பூவுலருந்து வந்திருக்கும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் களத்துத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். பிள்ளைகள் நாவல் என்றார்கள், காப்பிப்பூ என்றார்கள். அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "காப்பி எப்பப் பூத்துச்சு? இந்த அடை எப்பக் கட்டுனது?" என்று அடுத்த கேள்விக்குப் போனார். பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் நான் நான்கு வாரம் பார்த்த அதே வித்தை. இவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? காட்டில் கூட வரும் பையனுக்கு மதிப்பெண் போட்டு என்ன ஆகப்போகிறது. அவனுக்குத் தெரிந்தால்தான் அடுத்த வருடம் கயிறைப் பிடிப்பான்.

களத்தில் பிள்ளைகள் முதலில் பயப்படுவது என் மௌனத்துக்குத்தான். நானும் பயப்படுகிறேன், ஒவ்வொரு மே மாதமும். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வராமல் இருக்கும் அந்த நேரத்தில், நான் தெரியாதவள் என்று நினைப்பார்களோ, நாளைக்கு வராமல் போய்விடுவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்பா இதைத் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "பூமழை பேஞ்ச மறுநாளே காப்பி பூத்துருமா? எட்டு பத்து நாள் ஆகும்ல?" பங்குனியில் மழை விழுந்து, மொட்டு விரிந்து, தோட்டம் முழுக்க மல்லிகை வாசம் அடிக்க அத்தனை நாள் ஆவது எனக்கும் தெரிந்ததுதான். அதை வகுப்புக்குப் பொருத்திப் பார்த்தவர் அவர்.

மாதக் கடைசியில் பிள்ளைகளைக் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு அழைத்துப்போவோம். 1899இல் தொடங்கியது. எதற்காகத் தொடங்கினார்கள் என்பதைப் போகும் வழியில் சொல்லிக்கொண்டு போவேன். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். சூரியனில் நடப்பதற்கும் மழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வலுத்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் இந்த மலையில் சூரியனைப் பார்க்க ஓர் இடம் வந்தது. 1904இலிருந்து வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1909 ஜனவரியில் இங்கேதான் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். மழையைப் பற்றிய கேள்விக்கு அவர்கள் தேடிய பதில் கிடைக்கவில்லை, கேட்காத வேறொன்று கிடைத்தது. இந்த இடத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் இயற்பியல் மாணவர்களுக்கு இங்கே கோடைப் பள்ளியும் நடத்தியிருக்கிறது. அப்படி ஒரு கோடையில் நாங்கள் போனபோது, மாணவர்களோடு மாணவராக நின்றிருந்த ஓர் இளம் விஞ்ஞானி எங்கள் பிள்ளைகளையும் வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார். "சூரியன் சுற்றுகிறது என்று இந்தப் படங்களை மட்டும் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று தமிழில் கேட்டார். எங்கள் ஊர் ஏழாம் வகுப்புப் பையன், "புள்ளி நகருதா பார்க்கணும்" என்றான். "நகர்ந்தால் போதுமா? புள்ளியே ஓடியிருக்கலாமே?" என்றார் அவர். பையன் பஸ் ஏறும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தான். எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாகப் போகிறதா என்று பார்க்கவேண்டும் என்று பெருமாள்மலை தாண்டும்போது என் சீட்டுக்கு வந்து சொன்னான்.

கோடை என்றாலே கிராஷ் கோர்ஸ் என்றாகிவிட்ட காலம் இது. கீழே ஊருக்கு ஊர் விடுதி எடுத்து, நாள் முழுக்கத் தேர்வு வைத்து, ராத்திரியே ரேங்க் போட்டு ஒட்டுகிறார்கள். அங்கே வேலை செய்யும் ஆசிரியர்களில் என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய உழைப்பை நான் அறிவேன், குடும்பமும் அறிவேன். ஆனால் பத்து மாதம் மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்த பிள்ளையை மீதி மாதமும் அதன் கீழேயே வைப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்த ஆசிரியர்களுக்கும் அது நல்லதில்லை. விரட்டாமல் நடத்தினால் தங்களால் எப்படி நடத்த முடியும் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளாமலே போய்விடுகிறார்கள். எனக்கு அது பத்தொன்பது வயதில் காணக் கிடைத்தது என் பாக்கியம்.

களத்தில் படித்த ஒருத்தி இப்போது பழனியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். வருகிற மே மாதம் கணக்கு வகுப்பை அவளே எடுக்கிறாளா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போன் பண்ணினாள். முதல் நாளுக்குக் கேள்வி தயார் என்றாள். பழனியிலிருந்து வளைவு வளைவாக ஏறி வடகவுஞ்சிக்கு வந்து சேரும் பஸ்ஸில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம்தான் ஓடியிருக்குமா, கூடக் குறைய இருக்குமா? தினமும் அந்த பஸ்ஸில் போய்வந்து அவளாகக் கண்டெடுத்த கேள்வி. இத்தனை வருடம் அதே பஸ்ஸில் போய்வரும் எனக்கு அது தோன்றியதில்லை. திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிப் போகுமே என்று நான் ஆரம்பித்தேன்.

"இப்பச் சொல்லாதீங்க டீச்சர். மே மாசம் பிள்ளைங்க சொல்லட்டும்" என்றாள்.